ஏரிக்கு மேல் வந்த வெளிச்சமும் நான் தொலைத்த பத்து இரவுகளும்

இரவு 9:40. காயப்போட்ட துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். ஏரிப் பக்கம், மரங்களின் தலைக்குச் சற்று மேலே, வெள்ளையாக ஒரு வெளிச்சம் நின்றுகொண்டிருந்தது. ‘நின்றுகொண்டிருந்தது’ என்றுதான் அன்றைக்கு எல்லாரிடமும் சொன்னேன். அந்த ஒரு சொல்தான் என்னை அடுத்த பத்து நாள் அலைக்கழித்தது. நட்சத்திரம் என்று சொல்ல முடியாத பிரகாசம். சத்தம் கிடையாது. கைப்பிடிச் சுவரில் துணிக்கூடையை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அசையவில்லை, ஆனால் பெரிதாகிக்கொண்டே வந்தது. நாலைந்து நிமிடம் அப்படியே. பிறகு பட்டென்று வெள்ளை அணைந்துபோனது. அது இருந்த இடத்தில் சிறியதாக ஒரு சிவப்புப் புள்ளி. அந்தச் சிவப்பு இடப்பக்கமாக நகர்ந்து போய் மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. கொஞ்ச நேரம் கழித்து, மறைந்த அதே பக்கத்திலிருந்து ஒரு பச்சை வெளிச்சம் வலப்பக்கமாகப் போனது. அப்புறம் மறுபடி சிவப்பு. மறுபடி பச்சை. பாதித் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டுக் கீழே ஓடி வந்து கதவைத் தாழ் போட்டேன்.

வீட்டில் நானும் எட்டு வயது மகளும் மட்டும். கணவர் வேலைக்காக வெளியூரில் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டுச் சொன்னபோது “பிளேனா இருக்கும், தூங்கு” என்றார். அவர் சொன்னதுதான் சரி என்று இப்போது தெரிகிறது. ஆனால் அந்த இரவில் அது எனக்குக் கொஞ்சமும் உதவவில்லை. விமானம் எப்படிச் சத்தமில்லாமல் ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் நிற்கும், எப்படி நிறம் மாறும் என்ற என் கேள்விகளுக்கு அவரிடம் பதில் இல்லை. பயந்திருப்பவரிடம் ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னால் பயம் போகாது. அதைத் தனியாகச் சுமக்க வேண்டியதாகிவிடும், அவ்வளவுதான். விடியும்வரை ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் இரவு கைப்பேசியோடு தயாராக இருந்தேன். வந்தது. அதே வெள்ளை, அதே சிவப்பு, அதே பச்சை. இப்போது எனக்குள் ஒரு கதை உருவாகிவிட்டது: இரண்டு பொருள்கள் இருக்கின்றன, சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, இரண்டும் மாறி மாறி ஏரியைக் காவல் காக்கின்றன. கைப்பேசியில் பெரிதாக்கி எடுத்த காணொளியில் இன்னொரு கொடுமை. அந்த வெளிச்சம் ஒரு வட்டத் தட்டு மாதிரி, உள்ளே ஏதோ துடிப்பது மாதிரி தெரிந்தது. உடனே குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். “யாருக்காவது இது என்னன்னு தெரியுமா? ரெண்டு நாளா நம்ம ஏரி மேல சுத்துது.” இந்த பத்து நாட்களில் நான் செய்த தவறுகளில் மிகப் பெரியது அதுதான். அரை மணி நேரத்தில் நாற்பது பேர் பதில் எழுதினார்கள். ஒருவர் உளவு என்றார். ஒருவர் குழந்தைகளை வெளியே விடாதீர்கள் என்றார். இன்னொருவர் வேறு எங்கோ எடுத்த ஒரு படத்தைப் போட்டு “இதேதான்” என்றார். நான் ஒன்றும் தெரியாமல் கேட்ட கேள்வி, காலையில் வேறு மூன்று குழுக்களிலிருந்து உறுதியான செய்தியாக எனக்கே திரும்பி வந்தது.

காணொளி பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இருட்டில் ஒற்றை வெளிச்சத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கினால் கேமராவுக்கு எதைக் குவிப்பது என்று தெரியாது. குவியம் தேடி முன்னும் பின்னும் போகும்போது ஒரு புள்ளி தட்டாக விரியும், சுருங்கும். நான் பார்த்த ‘துடிப்பு’ அதுதான். பக்கத்தில் தெருவிளக்கு இருந்தால் அதன் ஒளி லென்ஸுக்குள் பட்டுத் திரும்பி, படத்தில் எதிர்ப்புறம் ஒரு போலி வெளிச்சமாக விழும். அதனால் படம் எடுப்பதாக இருந்தால் பெரிதாக்காமல், கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்து, ஒரு கூரை விளிம்போ கம்பமோ சட்டத்துக்குள் வருகிற மாதிரி எடுங்கள். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் பிறகு கணக்குப் போட அது ஒன்றுதான் உதவும்.

மூன்றாம் நாள் வானம் மூடிக்கொண்டது. நான்கு இரவுகள் வெளிச்சம் வரவில்லை. மனசு எப்படி வேலை செய்கிறது பாருங்கள். வராதது எனக்கு நிம்மதி தரவில்லை, மேகத்துக்குள் ஒளிந்திருக்கிறது என்று நினைத்தேன். அந்த நான்கு நாட்களில்தான் பணமும் போனது. வெளியே பொருத்துகிற பாதுகாப்புக் கேமரா ஒன்று வாங்கினேன். முதல் இரவே அதில் வெள்ளை உருண்டைகள் விர்ரென்று பறந்தன. கைகால் நடுங்கிவிட்டது. கேமராவின் அகச்சிவப்பு விளக்கு வெளிச்சத்தில், லென்ஸுக்குப் பக்கத்தில் பறந்த பூச்சிகள் அவை என்று பொருத்த வந்த பையன் சிரித்துக்கொண்டே சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. அது போதாதென்று, குழுவில் ஒருவர் கொடுத்த எண்ணைக் கூப்பிட்டு, கதிர்வீச்சு அளப்பதாகச் சொன்ன ஒருவரை வரவழைத்தேன். கையில் ஒரு கருவியோடு மாடியெங்கும் நடந்தார். அது டிக் டிக் என்றது. “இருக்கு மேடம், கொஞ்சம் அதிகமாத்தான் இருக்கு” என்றார். தடுப்பதற்கு ஒரு சின்னப் பெட்டியும் அவரிடமே இருந்தது. கேமரா, அவர் கட்டணம், பெட்டி எல்லாம் சேர்த்து என் ஒரு மாதச் சம்பளத்தில் கால் பங்கு காலி. மண்ணிலும் பாறையிலும் விண்வெளியிலிருந்தும் வருகிற இயற்கைக் கதிர்வீச்சு எல்லா இடத்திலும் கொஞ்சம் உண்டு. அந்த வகைக் கருவியை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் டிக் டிக் என்று சொல்லத்தான் செய்யும். அது எனக்கு அப்போது தெரியாது. கருவி காட்டும் எண்ணைச் சொல்லாமல், வழக்கமான அளவு எவ்வளவு என்று சொல்லாமல் ‘அதிகம்’ என்று மட்டும் யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஏழாம் நாள் வானம் வெளுத்தது. வெளிச்சமும் வந்தது, இந்த முறை இன்னும் கிட்டத்தில், ஏரியின் நடுப்பகுதிக்கு மேலே. தண்ணீர்மேல் படிந்திருந்த பனியில் மெல்லிய பச்சைத் துடிப்பு ஒன்று ஓடியது. இறக்கை விளக்கின் பச்சை அல்ல, வேறு மாதிரி. புல்லின் நிறத்தில், நுனியில் நடுங்குகிற பச்சை. நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் “அம்மா, அது என்ன?” என்று மகளின் குரல். எப்போது எழுந்து மாடியேறி வந்தாள் என்று தெரியவில்லை. அவள் கண்ணைப் பொத்தித் தூக்கிக்கொண்டு கீழே வந்தேன். அந்த இரவே ஒரு பையில் நாலு துணியை அடைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டோம். அலுவலகத்துக்கு இரண்டு நாள் விடுப்பு, மகளுக்குப் பள்ளி போச்சு.

காலையில் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். விழித்திரை வரை பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: “பைனாகுலர்லயோ டெலஸ்கோப்லயோ பாத்தீங்களா?” இல்லை என்றேன். “நல்லது. என்ன வெளிச்சம்னு தெரியாதப்ப அதெல்லாம் எடுக்காதீங்க” என்றார். ஏன் என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. பைனாகுலரின் பெரிய லென்ஸ், வெறுங்கண்ணுக்குள் போவதைவிடப் பல மடங்கு ஒளியைச் சேர்த்து உள்ளே அனுப்பும். வருகிற வெளிச்சம் லேசராக இருந்தால் அதுவே ஆபத்து. இந்தப் பத்து நாளில் யாரும் சொல்லாமலேயே நான் சரியாகச் செய்த ஒரே விஷயம், பைனாகுலர் வாங்காதது. அதுவும் கேமராவுக்கே பணம் போய்விட்டதால்தான்.

அக்கா வீட்டில் இரண்டு நாள் சும்மா இருந்தபோது, முதல் முறையாக அமைதியாகப் படிக்க நேரம் கிடைத்தது. 2023 ஜனவரி 28 அன்று ஹவாயின் மௌனா கேயா மலை உச்சியில் உள்ள ஜப்பானிய விண்மீன் கேமரா, மேகத்துக்குள் பச்சைக் கோடுகள் வரிசையாக விழுவதைப் பதிவு செய்திருக்கிறது. முதலில் அது நாசாவின் ஐஸ்சாட்-2 செயற்கைக்கோளின் லேசர் என்று அறிவித்தார்கள். சில நாள் கழித்து, இல்லை, சீனாவின் டாச்சி-1 செயற்கைக்கோளாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று திருத்தம் வந்தது. வானத்தைப் பார்ப்பதே தொழிலாக இருப்பவர்களே முதல் பதிலை மாற்ற வேண்டி வந்தது என்றதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் நியூ ஜெர்சிப் பக்கம் மர்ம டிரோன்கள் என்று சில வாரங்களில் 5,000க்கும் மேல் தகவல்கள் குவிந்தன. அவற்றில் மேற்கொண்டு விசாரிக்கத் தக்கவையாகத் தேறியது சுமார் 100 என்று அரசு அமைப்புகளே கூறின. மக்கள் பார்த்தவற்றில் டிரோன்கள் இருந்தன, சாதாரண விமானங்களும் ஹெலிகாப்டர்களும் இருந்தன, நட்சத்திரங்கள்கூட இருந்தன. அவர்களை நினைத்துச் சிரிக்க எனக்கு அருகதை இல்லை. நானும் வரிசையில் நின்றவள்தான்.

படித்ததில் ஒன்று மனதில் தங்கியது. இருட்டில் தனியாக இருக்கும் ஒரு புள்ளியை உற்றுப் பார்த்தால், அது நகராமலே நகர்வது போல நமக்குத் தோன்றும். பக்கத்தில் ஒப்பிட ஏதும் இல்லாததால் கண்ணின் சிறு அசைவுகளை மூளை அந்தப் புள்ளியின் தலையில் கட்டிவிடுகிறது. நான் இத்தனை நாள் வெறும் வானத்தைத்தான் பார்த்திருந்தேன், ஒப்பிட ஒரு பொருளையும் வைத்துக்கொள்ளவில்லை. அது என்ன என்றே கேட்டுக்கொண்டிருந்தேனே தவிர, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்தில், எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை என்று ஒரு தாளில்கூடக் குறிக்கவில்லை.

பத்தாம் நாள் மகளை அக்காவிடம் விட்டுவிட்டு நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். மாடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அதன் நாலு கால்களைச் சுற்றியும் சாக்பீஸால் வட்டம் வரைந்தேன், நகர்ந்தால் திரும்ப அதே இடத்தில் வைக்க. உட்கார்ந்து பார்த்தால் நேர் எதிரே, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணி தெரியும். அதன் படிகள்தான் என் அளவுகோல். மடியில் மகளின் பழைய கணக்கு நோட்டு. மணி பார்க்கக் கைப்பேசி. உண்மையைச் சொன்னால் பயம் இருந்தது, எழுதும்போது கை நேராக நிற்கவில்லை. அந்த நோட்டுத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

9:31, வெள்ளை, அசையவில்லை. 9:36, வெள்ளை போனது, சிவப்பு, இடப்பக்கம், ஏணியின் இரண்டாம் படி. அடுத்து 9:42, பச்சை, வலப்பக்கம், மூன்றாம் படி. 9:48, சிவப்பு, நான்கரை. 9:54, பச்சை, ஏழு. ஒவ்வொன்றும் ஆறு நிமிட இடைவெளி. ஒவ்வொரு முறையும் முன்னதைவிட ஒரு படியிலிருந்து இரண்டரைப் படி வரை மேலே. சிவப்பு எப்போதும் இடப்பக்கம்தான் போனது, பச்சை எப்போதும் வலப்பக்கம்தான். நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இது காவல் காப்பது அல்ல. யாரோ உழுகிறார்கள். ஒரு சால் போய், திரும்பி, அதை ஒட்டி அடுத்த சால். ஏரியின் எதிர்க்கரையில் ஆரம்பித்து பத்து நாளாக என் வீட்டை நோக்கி உழுதுகொண்டே வந்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று விழுந்தது. எந்த விமானத்துக்கும் இடது இறக்கையில் சிவப்பு விளக்கு, வலது இறக்கையில் பச்சை, வாலில் வெள்ளை. உங்களுக்கு முன்னால் அது இடப்பக்கமாகப் போனால் அதன் இடது இறக்கை உங்களைப் பார்க்கும், சிவப்பு தெரியும். திரும்பி வலப்பக்கமாகப் போனால் பச்சை தெரியும். என் ‘இரண்டு பொருள்கள்’ ஒரே விமானத்தின் இரண்டு பக்கங்கள். திரும்புகிற இடம் மரங்களுக்குப் பின்னால் இருந்ததால் அது வளைவதை ஒரு முறைகூட நான் பார்க்கவில்லை. சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிந்தால் விமானம் உங்களை நோக்கி வருகிறது. அப்போது சிவப்பு உங்கள் வலப்பக்கத்தில் இருக்கும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலே பாதிப் பயம் போய்விடும்.

நின்ற வெள்ளைக்கும் கணக்கு இருக்கிறது. மூக்குப் பக்கம் எரிகிற தரையிறங்கும் விளக்கு அது, தெளிந்த இரவில் வெகு தொலைவிலிருந்தே தெரியும். மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் போகிற சிறிய விமானம் நிமிடத்துக்கு 4 கிலோமீட்டருக்குச் சற்று மேல் கடக்கும். 20 கிலோமீட்டர் தள்ளி நேராக நம்மை நோக்கி வந்தால், கிட்டே வர ஏறக்குறைய 5 நிமிடம் ஆகும். நேர்கோட்டில் வருவது இடமும் வலமும் நகராது, பெரிதாக மட்டும் ஆகும். ஏரிக்கு வந்து பக்கவாட்டில் திரும்பியதும் அந்த விளக்கு வேறு பக்கம் பார்க்கும், ‘பட்டென்று’ அணைந்துவிடும்.

சத்தம்? சத்தம் இருந்திருக்கிறது. ஒலி ஒரு கிலோமீட்டர் வர 3 வினாடி எடுக்கும். 5 கிலோமீட்டர் தள்ளிப் போன விமானத்தின் சத்தம் 15 வினாடி கழித்துத்தான் வரும், அதற்குள் அது ஒரு கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். முதல் நாள் ஏதோ ஒரு முனகல் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. அது வந்த திசையில் வெளிச்சம் இல்லாததால், தூரத்து மோட்டார் என்று தள்ளிவிட்டேன். 

அன்றே விமானங்களைக் காட்டும் செயலியைத் திறந்தேன். இரண்டாம் நாளே அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று இன்னும் பயந்தவள் நான். செயலியில் இல்லை என்பதால் விமானம் இல்லை என்று ஆகிவிடாது. விமானங்கள் தங்கள் இருப்பிடத்தை 1090 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலைவரிசையில் ஒலிபரப்புகின்றன. தரையில் ஆர்வலர்கள் வைத்திருக்கும் ரிசீவர்கள் அதைப் பிடித்தால்தான் நமக்குத் தெரியும். தாழப் பறப்பது கட்டடத்துக்கோ மேட்டுக்கோ பின்னால் போனால் பிடிபடாது. பறந்து முடிந்த பிறகும் பார்க்கலாம், முந்தைய நாட்களை ஓட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதை நான் கவனிக்கவே இல்லை. அன்று ஓட்டிப் பார்த்தேன். ஏரியின் மேலே, சீப்பின் பற்கள் மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் நீள நீளக் கோடுகள். ஒன்றிரண்டு இடத்தில் அறுந்திருந்தன, ஆனால் சந்தேகமே இல்லை. கோட்டைத் தொட்டால் விமானத்தின் வகையும் பதிவெண்ணும் வந்தன. பதிவெண்ணைத் தேடியதில், வான்வழி நில அளவைக்கு என்றே வைத்திருக்கும் இரட்டை எஞ்சின் விமானம் என்று தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நிம்மதியா, அவமானமா, இரண்டுமா, தெரியவில்லை.

10:06க்கு அது ஏறக்குறைய என் தலைக்கு மேலே போனது. இப்போது எஞ்சின் சத்தம் தெளிவாகக் கேட்டது. வயிற்றிலிருந்து அந்தப் பச்சை நடுக்கம். நான் அண்ணாந்து பார்க்கவில்லை, தரையைப் பார்த்தேன். சாக்பீஸ் வட்டத்தின்மேல் ஒரு கணம் பச்சை ஓடியது.

அந்தப் பச்சை தண்ணீருக்காக. லைடார் என்ற முறையில் விமானம் லேசர் துடிப்புகளைக் கீழே அனுப்பி, எதிரொளிக்கும் ஒளி திரும்பி வர எடுக்கும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கிறது. 500 மீட்டர் உயரத்திலிருந்து போய்த் திரும்ப ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் மூன்று பங்குக்குச் சற்று மேல்தான் ஆகும். தரையை அளக்கப் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைப் பயன்படுத்துவார்கள், அதை நாம் பார்க்கவே மாட்டோம். ஆனால் அகச்சிவப்பைத் தண்ணீர் விழுங்கிவிடும், பச்சை உள்ளே இறங்கும். அதனால் ஏரி, ஆறு, கடலோரத்தின் ஆழத்தை அளக்க 532 நானோமீட்டர் பச்சை. நீர்ப்பரப்பிலிருந்து ஒரு எதிரொளி, அடித்தரையிலிருந்து இன்னொன்று, இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் ஆழம். லைடார் தன் வெளிச்சத்தைத் தானே கொண்டுவருவதால் இரவிலும் வேலை செய்யும். சூரிய ஒளியின் தொந்தரவும் இருக்காது, வானில் நெரிசலும் குறைவு. மேகத்தை மட்டும் லேசர் துளைக்காது. என் நான்கு ‘ஒளிந்திருந்த’ இரவுகள், வேலை செய்ய முடியாமல் விமானம் கொட்டகையில் கிடந்த இரவுகள். ஒளிக்கற்றை தரைக்கு வரும்போது வெறுங்கண்ணுக்குத் தீங்கு செய்யாத அளவுக்கு விரியும்படி பறக்கும் உயரத்தை முடிவு செய்கிறார்கள். பைனாகுலர் வேண்டாம் என்று மருத்துவர் சொன்னது அதனால்தான். தலைக்கு மேல் போகும்போது உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம், பார்த்த பிறகு கண்ணில் கறை மாதிரி ஏதாவது தங்கினால் கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கதிர்வீச்சுப் பெட்டி விற்றவரை நினைத்து வயிறெரிய இன்னொரு காரணமும் பிறகு கிடைத்தது. மண்ணில் உள்ள பொட்டாசியம், யுரேனியம், தோரியத்திலிருந்து இயல்பாக வரும் காமாக் கதிர்களை அளக்கும் விமான ஆய்வுகள் உண்மையிலேயே உண்டு. அவை இன்னும் தாழ, 100 மீட்டர் அளவில்கூடப் பறக்கும். ஆனால் அவை தரையிலிருந்து வருவதை வாங்கிக்கொள்ளும், எதையும் கீழே அனுப்பாது.

மறுநாள் காலையில் உள்ளூர் நிர்வாக அலுவலகத்துக்குப் போனேன். காவல் நிலையத்தில் ஏற்கனவே சொல்லியிருந்தேன், “பாக்கறோம்மா” என்றதோடு சரி. இங்கே இருந்தவர் என்னை அறிவிப்புப் பலகைக்குக் கூட்டிப்போனார். இரண்டு வாரத்துக்கு முந்தைய தேதியில், வேறு மூன்று தாள்களுக்கு அடியில், ஏரியின் ஆழம் அளக்கும் வான்வழி ஆய்வு பற்றிய அரைப்பக்கம். இரவில் பச்சை ஒளி தெரியலாம் என்று கடைசி வரியில் இருந்தது. யாரிடம் சண்டை போடுவது? அறிவிப்பு ஒட்டினோம் என்று அவர்கள் சொல்வதும் உண்மை, எங்கள் தெருவில் ஒரு ஆளுக்கும் தெரியாது என்பதும் உண்மை. உங்களுக்கு இப்படி நடந்தால் முதலில் இந்த அலுவலகத்தைக் கேளுங்கள், அடுத்து விமானப் போக்குவரத்து ஆணையத்தையோ பக்கத்து விமான நிலையத்தையோ. தேதி, மணி, திசை, எத்தனை நிமிட இடைவெளி என்று நாலு வரி எழுதி வைத்துக்கொண்டு கேட்டால் பதில் சொல்லும் விதமே வேறாக இருக்கும். “வானத்துல என்னமோ தெரியுது” என்று நான் முதலில் கேட்டபோது இணைப்பைத் துண்டித்த அதே விமான நிலைய எண்ணில், நோட்டைப் பார்த்து வாசித்தபோது பத்து நிமிடம் பேசினார்கள்.

குழுவில் மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதினேன். ஏணிப் படிக் கணக்கையும் படம் எடுத்துப் போட்டேன். முதல் செய்திக்கு நாற்பது பதில் வந்த இடத்தில் இதற்கு வந்தது ஆறு. பக்கத்து வீட்டு அண்ணன் தனியாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். ஏழாம் நாள் இரவு அவருடைய பையன் லேசர் பேனாவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போயிருக்கிறான், அதன்மேல் அடித்துப் பார்க்க. அவர் பிடுங்கி வைத்துவிட்டார். இரவில் விமானி அறைக் கண்ணாடியில் அந்தச் சின்ன ஒளி பட்டால் உள்ளே முழுவதும் பரவி விமானியின் கண்ணைக் கூசவைத்துவிடும், பல நாடுகளில் அதற்குச் சிறைத் தண்டனை உண்டு. என் காணொளியைப் பார்த்துத்தான் அவனுக்கு அந்த யோசனை வந்ததாம். அண்ணன் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எதிர்வீட்டுப் பாட்டி வாட்ஸ்அப்பில் இல்லை. ஆனால் நான் கிளப்பியது அவர் காதுக்கும் போய், ஒரு வாரமாக ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தார் என்று அவர் மருமகள் சொன்னாள். அதனால் நேரிலேயே போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், இறக்கை விளக்கு, மேகம், பச்சை ஒளி, எல்லாம். கடைசிவரை கேட்டார். பிறகு, “சரிம்மா, இவ்வளவு நாள் அளந்தாங்களே, ஏரி எவ்வளவு ஆழமாம்?” என்றார்.

அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன். அறிக்கை வர சில மாதம் ஆகும் என்றார்கள்.